எதிரில் வைத்த டம்ளர்

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் பேசி முடித்துவிட்டு ஸ்கூட்டரில் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் பதினொன்றரை மணி. ஹெல்மெட்டுக்குள் வெயில் புகுந்து காதைச் சுட்டது. நாற்கரச் சாலையோரம் புதிதாக வெள்ளையடித்த ஒரு ஹோட்டல் தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்டினேன். பாதி பசி, பாதி தொழில் புத்தி. நானும் என்னோடு கல்லூரியில் படித்த கூட்டாளியும் சேர்ந்து ஒரு சின்ன டிபன் கடை திறப்பதாக இருந்தோம். அதனால் அந்த நாட்களில் எந்த ஹோட்டலைக் கண்டாலும் உள்ளே போய், மின்விசிறி எங்கே தொங்குகிறது, கைகழுவும் இடம் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். சப்ளையர் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். "ஒரு ஆள்தானாம்மா?"

சாதாரணக் கேள்வி. நான் ஹோட்டல் நிர்வாகம் படித்தவள். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு, அதைப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறவள். தனியாகச் சாப்பிடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் மற்ற நாட்களில் மேசையில் போன் நின்றுகொண்டிருக்கும், நான் அதனுடன் பேசிக்கொண்டிருப்பேன், அது ஒரு துணை. அன்று போனில் சார்ஜ் செத்துவிட்டது. "ஆமாண்ணே" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வாய் சொன்னது வேறு. "ஆள் வாராங்கண்ணே." அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்து எதிரில் வைத்து நிரப்பிவிட்டுப் போனார். யாரும் வரப்போவதில்லை. மின்விசிறிக் காற்றில் எதிர் டம்ளரின் தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது, நான் சொன்ன வாக்கியம் என்னுடையது அல்ல. அது என் அத்தையின் வாக்கியம். சொன்ன தோரணை, சொல்லிவிட்டுக் கைப்பையை எதிர் நாற்காலிக்குத் தள்ளிய விதம், எல்லாமே அவளுடையது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் அவளிடம் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, வாட்ச் பட்டையில் செருகிய கைக்குட்டை, வலது கை ஆள்காட்டி விரலில் எப்போதும் அழியாத ஊதா ஸ்டாம்பு மை. மாதத்தின் முதல் சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான். அன்று எங்கள் வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு, காளவாசல் சிக்னலுக்குப் பக்கத்தில் முதல் மாடியில் இருந்த ஒரு சைவ ஹோட்டலுக்குப் போவாள். அந்த மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடி இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. மேலே ஏறினால் நெய்யும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாசம் வரும். அங்கே ஜன்னலோரம் ஒரே ஒரு மேசை உண்டு. அதில் உட்கார்ந்தால் சிக்னலில் நிற்கிற பஸ்களின் கூரை தெரியும், கூரைமேல் கட்டிய கோழிக்கூண்டு தெரியும், ஆட்டோக்காரர்கள் சண்டை போடுவது சத்தமில்லாமல் தெரியும். அத்தைக்கு வேண்டியது அந்த மேசை.

அது அத்தனை எளிதில் கிடைக்காது. பெண்கள் படியேறியதுமே சப்ளையர் முன்னால் வந்து, "எத்தனை பேரும்மா? உள்ள ஃபேமிலி ரூம் இருக்கு, அங்கிட்டுப் போங்க" என்று கையைக் காட்டிவிடுவார். மரியாதையாகத்தான் சொல்வார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்கு ஒரு பச்சைத் திரை, ஒரு டியூப் லைட், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிய ஒரு சுவர். ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் கரண்டி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். எனவே அத்தை ஒவ்வொரு முறையும் என் தலையில் கையை வைத்துச் சொல்வாள். "பிள்ளைக்கு பஸ் பாக்கணுமாம்ண்ணே. ஜன்னல்ல உக்காரலேன்னா சாப்பிட மாட்டேங்கிறா." எனக்கு பஸ்மீது எந்த ஆசையும் கிடையாது. முதல் முறை நான் திகைத்துப்போய் அவளை அண்ணாந்து பார்த்தேன். என் பின்னந்தலையில் அவள் விரல் லேசாக அழுந்தியது. நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு பழகிவிட்டது. படி ஏறும்போதே பஸ் பைத்தியமாக மாறிவிடுவேன்.

உட்கார்ந்த பிறகு அத்தை வேறு ஆள். கைக்குட்டையை எடுத்து மடியில் விரிப்பாள். "ஒரு ரவா தோசை, நல்லா முறுகலா. வெங்காயம் வேணாம். காபி நான் சொன்னப்புறம்." எனக்கு என்ன வேண்டும் என்பதை நானே சொல்லவேண்டும், அவள் குறுக்கிட மாட்டாள். ரவா தோசையின் ஓரத்தை விண்டு விண்டு சுற்றிக்கொண்டே வருவாள், நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி கடைசியில்தான். சாப்பிடும்போது பேசமாட்டாள். நான் மூன்றாம் வகுப்புக் கதைகளைக் கொட்டிக்கொண்டே இருப்பேன், "ம்" என்பாள், கண் சிக்னலில் இருக்கும். பச்சை விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் புறப்படுவதைப் பார்க்கும்போது அவள் மோவாய் லேசாக உயரும். அவ்வளவுதான். அவளுடைய மாதத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்காத முக்கால் மணி நேரம் அது. எனக்கு அப்போது அது தெரியாது. என்னை நேசித்துக் கூட்டிப்போகிறாள் என்றே நினைத்திருந்தேன். நேசிக்கவில்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்தான் அந்த மேசைக்கான அனுமதிச் சீட்டு.

அதைக் கண்டுகொண்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்தச் சனிக்கிழமை டியூஷனில் பரீட்சை, என்னால் வரமுடியாது என்று முன்பே சொல்லியிருந்தேன். போனால் பரீட்சை இல்லை, வாத்தியாருக்குக் காய்ச்சல். சும்மா இருக்கிற ஆளா நான்? டியூஷனிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி அந்த மாடிப்படியில் ஏறினேன். வாசலில் நின்று மூச்சு வாங்கும்போது அத்தை தெரிந்தாள். ஜன்னலோரம். ரவா தோசை பாதி முடிந்திருந்தது. எதிர் நாற்காலியில் அவளது பழுப்புக் கைப்பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் மேசைமேல் ஒரு டம்ளர், விளிம்பு வரை தண்ணீர். சப்ளையர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஆள் இன்னும் காணோம்?"

"வந்துருவாங்க. பஸ் கெடைக்கலபோல."

நான் வரமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும். திரும்பிப் போயிருக்கலாம், இன்றைக்கு நினைத்தால் போயிருக்கவேண்டும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சப்ளையர் என்னைப் பார்த்துவிட்டார். "ந்தா, பாப்பா வந்துருச்சே!" அத்தை திரும்பினாள். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம் அல்ல. வேலை நேரத்தில் அலுவலகக் கதவை யாரோ தள்ளித் திறந்தால் வருகிற முகம். மறு நொடியே அதை மாற்றிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அதட்டினாள். "இம்புட்டு நேரமாடி? எங்கிட்டுச் சுத்திட்டு வார?" சப்ளையரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து அந்த டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தேன். அவள் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. சப்ளையருக்குத் திருப்தி. அத்தை அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. டியூஷனைப் பற்றி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுப்பகுதி தோசை தட்டில் ஆறிப்போனது.

இதெல்லாம் கொட்டாம்பட்டி ஹோட்டலில் என் தோசை வருவதற்குள் தலைக்குள் ஓடி முடிந்தது. ஒரு ஹோட்டலுக்குப் போய்வருவது எதனால் நன்றாக இருக்கிறது? கல்லூரியில் இதற்குப் பெரிய பட்டியலே மனப்பாடம் செய்தோம். வெளிச்சம், சுத்தம், சூடு, சிரித்த முகம். அந்தப் பட்டியலின் முதல் வரி, வந்தவரை வாசலிலேயே வரவேற்று எத்தனை பேர் என்று கேட்கவேண்டும் என்பது. அந்த முதல் வரியிலேயே என் அத்தை தோற்றுப்போயிருக்கிறாள், மாதம் ஒருமுறை, வருடக்கணக்காக. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சப்ளையரிடம் பேனா வாங்கி, ஒரு காகித நாப்கினில் கட்டம் போட்டேன். எங்கள் கடையின் ஜன்னலோரம், ஒரு சின்ன மேசை, ஒரே ஒரு நாற்காலி. தோசையைப் பாதியில் விட்டுவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். சப்ளையர் பின்னாலிருந்து, "ஆள் வாராங்கன்னீங்களேம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

கூட்டாளி நாப்கினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கல்லூரியில் ஒட்டிக்கொண்ட பழக்கம், அவன் என்னையும் மாப்ள என்றுதான் கூப்பிடுவான்.

"மாப்ள, ஜன்னல் ஓரம்ங்கிறது நம்ம கடைக்கு நெத்தி மாதிரி. அங்க போயி ஒத்தச் சேரா?"

"ஆமா."

"கூட்டம் வார நேரத்துல நாலு பேரு வெளிய நின்னு எட்டிப் பாப்பான். உள்ள ஒரு ஆளு சாவகாசமா காபிய ஆத்திக்கிட்டு இருப்பாக."

"அதுதான்டா வேணும்!"

"வெளங்கிரும்" என்றான். ஆனால் மறுநாள் தச்சரிடம் கூட்டிப்போனதும் அவன்தான்.

அங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு நிற்கத் தெரியாது. மேசை வந்த அன்றைக்கே அதன்மேல் வைக்க ஒரு போர்டு எழுத வைத்தேன், ஓரத்தில் மல்லிகைப் பூ வரைந்து, 'தனியாக வரும் பெண்களுக்காக' என்று. அதோடும் விடவில்லை. மேசையில் உட்கார்ந்து, எதிரில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அத்தையின் கதையை வீடியோவாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, அத்தை என்று மட்டும். குரலைத் தழைத்து, "அந்த டம்ளர்தான் அவளுடைய தனிமை" என்றெல்லாம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. பார்த்தவர்கள் கமெண்டில் அழுகிற முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்த கொஞ்ச நேரத்தில் அத்தையிடமிருந்து போன் வந்தது. மிஷன் பள்ளி ஆபீஸ், காளவாசல், ரவா தோசை. பெயர் சொல்லாவிட்டால் என்ன, சபையில் அவளைத் தெரியாதவர்கள் யார்? கோயில் வாசலிலேயே ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே நீங்க ஒத்தையில சாப்பிடக் கூடாது சிஸ்டர், ஞாயித்துக்கிழமைல எங்க வீட்டுக்கு வந்துருங்க" என்று கண்ணீர் விட்டிருக்கிறார். பின்னால் ஒரு வரிசையே நின்றிருக்கிறது.

"நான் பாவம்னு எவடி சொன்னா ஒனக்கு?" என்றாள் அத்தை. "நான் ரவா தோசை திங்கப் போனேன். அதுல என்னாடி தனிமையக் கண்ட?"

"இல்லத்தை, நீங்க ஆள் வாராங்கன்னு..."

"ஆள் வாராங்கன்னு சொன்னா அவன் போயிருவான். ஒத்தையா வந்தேன்னு சொன்னா நின்னு கதை கேப்பான். ஊரு என்ன, வேலை என்ன, வீட்டுல யாருன்னு. அதுக்குச் சொன்னது. இப்ப ஊரே நின்னு கதை கேக்குது. நல்லாருடி." வைத்துவிட்டாள். வீடியோவை உடனே எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை முறை அடித்தாலும் அவள் எடுக்கவில்லை.

கடை திறப்பதற்கு முன் மூன்று நாள் வெள்ளோட்டம் வைத்தோம். தெருக்காரர்கள், தெரிந்தவர்கள், வழியில் போகிறவர்கள் யார் வந்தாலும் பரிமாறிப் பழகுவது. இரண்டாம் நாள் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோளில் லேப்டாப் பை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவில் பார்த்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். உட்கார்ந்து சாப்பிட வந்தவர் என்பது அந்த ஒதுக்கலிலேயே தெரிந்தது. நேராக ஜன்னல் மேசைக்குத்தான் போனார். போர்டைப் படித்தார். பக்கத்து மேசையில் இருந்த நான்கு ஆண்கள், அவர் படிப்பதைப் பார்த்துத் தாங்களும் போர்டைப் படித்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். கெட்ட பார்வை ஒன்றும் இல்லை, ஓ, இவர்தானா அது என்கிற பார்வை. அவர் நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நானாவது கல்லாவிலேயே இருந்திருக்கலாம். பாய்ந்து போனேன். "அக்கா, உக்காருங்க! அது உங்களுக்குத்தான் போட்டது!" கடை மொத்தமும் திரும்பியது.

"இல்லம்மா, பரவால்ல. பார்சல் கெடைக்குமா? கொஞ்சம் வேலை இருக்கு."

பொட்டலம் கட்டும் வரை அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே போனைப் பார்த்தார். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. பன்னிரண்டு வயதில் நான் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தபோது அத்தை சப்ளையரைப் பார்த்துச் சிரித்தது. அன்றைக்கும் ஒரு ஜன்னல் மேசையைக் கெடுத்தது நான்தான். போர்டை எடுத்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் முகம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே திருப்பரங்குன்றத்துக்கு வண்டியை விட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அத்தை அங்கேதான் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "கேமராக்காரன் யாரும் வந்திருக்கானா?" அந்த ஒரு வரியில் உயிர் திரும்பியது எனக்கு. திட்டுகிறாள் என்றால் பேசுகிறாள். முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த வாசம் வீடு முழுக்க. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை, கடையைப் பற்றி விசாரித்தாள். போர்டைப் பற்றி, லேப்டாப் பைக்காரரைப் பற்றி, நான் பாய்ந்து போனதைப் பற்றி எல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க.

"பாவம்டி அவ. தப்பிச்சு ஓடியிருக்கா." பிறகு கேட்டாள். "அந்த மேசைக்கு எதிர்ல சேர் இருக்கா?"

"இல்லத்தை. ஒரே சேர்தான். அதான் விசேஷமே."

"அப்ப பைய எங்கடி வைப்பாங்க?"

நாப்கினில் கட்டம் போட்டது முதல் தச்சர் பாலீஷ் அடித்தது வரை எத்தனையோ முறை அந்த மேசையைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூடப் பையை நினைக்கவில்லை. "தரையில வச்சா எண்ணெப் பிசுக்கு. மடியில வச்சா எப்பிடிச் சாப்பிடுறது?" என்று அவள் எரிச்சலுடன் சொல்லிக்கொண்டே போனாள், ஏதோ நேற்றுத்தான் அந்த மாடியிலிருந்து இறங்கி வந்தவள்போல. கிளம்பும்போது கேட்டேவிட்டேன். ஒருமுறை வருவீர்களா?

"வாரேன். ஆனா நீ அங்க எந்திரிச்சு ஓடியாரக் கூடாது. எங்க அத்தைன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. போன எடுத்தேன்னு வையி, தண்ணியக்கூடக் குடிக்காம எந்திரிச்சிருவேன்."

"என்னைக்கு வருவீங்கத்தை?"

"அத எதுக்கு ஒனக்குச் சொல்றேன்? வாரப்ப வாரேன்."

வரும் திங்கட்கிழமை கடை திறக்கிறோம். ஜன்னல் மேசைக்கு இரண்டாவது நாற்காலி வந்துவிட்டது. அதைப் பார்த்து, "இதத்தான மாப்ள நான் மொதல்லயே சொன்னேன்" என்று கூட்டாளி நூறு முறை சொல்லிவிட்டான். பையை மாட்ட மேசைக்கு அடியில் ஒரு கொக்கியும் அடித்திருக்கிறேன், வெளியே தெரியாதபடி. எங்கள் இரண்டு சப்ளையர்களிடமும் பேசியாகிவிட்டது. யார் வந்தாலும் எத்தனை பேர் என்று கேட்கவேண்டாம், இங்கே உட்காருங்கள் என்று கை காட்டவேண்டாம். உட்கார்ந்தவருக்கு ஒரு டம்ளர். ஆள் வாராங்க என்று சொன்னால் எதிரில் இன்னொன்று, எத்தனை நேரம் ஆனாலும் அந்த ஆள் எங்கே என்று கேட்கக்கூடாது. அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பழக வேண்டியவள் நான்தான். நேற்றும் இன்றும் கல்லாவில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தேன். கண்ணாடிக் கதவு அசைந்தாலே கால் தானாக எழுந்துகொள்கிறது. கையை நாற்காலிக்கு அடியில் கொடுத்து இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் அத்தை வருவாள். ரவா தோசை கேட்பாள், முறுகலாக, வெங்காயம் இல்லாமல். நான் கல்லாவில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கப் போகிறேன். என் வாழ்க்கையில் இதுவரை செய்யாத வேலை. அவள் வெளியே போய் பஸ் ஏறிய பிறகுதான் எழுந்திருப்பேன். அந்த மேசையில் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று மட்டும் போய்ப் பார்ப்பேன்.